சிச்சிகாஸ்தெனாங்கோவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாலதி,

குவாத்தமாலா என்றதும் காட்டுக்குள் புதைந்த மாயா கோயில்கள்தான் நமக்கு நினைவுக்கு வரும். வடக்கே பேத்தேன் காட்டில் திக்கால் இருக்கிறது. மர உச்சிகளுக்கும் மேலே எழுந்து நிற்கும் அந்தக் கோயில்களைப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் ‘மறைந்துபோன மாயா இனம்’ என்று யாராவது எழுதினால் இனி எனக்குக் கோபம்தான் வரும். அவர்கள் எங்கே மறைந்தார்கள்? இதோ, என் எதிரே தக்காளி விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வியாழனும் ஞாயிறும் இங்கே சந்தை கூடுகிறது. சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிகளில் பூக்காரிகள். அதே படிகளில் பிசின் புகைத்து முன்னோரை அழைக்கும் மாயா பூசாரிகள். உள்ளே கத்தோலிக்கப் பூசை. 1700களின் தொடக்கத்தில் ஹிமேனெஸ் என்ற பாதிரியார் கிச்சே மாயா மக்களின் ‘போப்போல் வூ’ என்ற நூலைப் படியெடுத்ததும் இந்த ஊரில்தான். தெய்வங்கள் மண்ணாலும் மரத்தாலும் மனிதனைச் செய்து பார்த்துத் தோற்று, கடைசியில் மக்காச்சோள மாவால் செய்தார்கள் என்கிறது அந்நூல். மூன்று வேளையும் சோள ரொட்டி தட்டும் ஓசை கேட்கும் நாட்டில் இது வெறும் கதையாகத் தோன்றவில்லை.

இந்த நாட்டில் மாயா மொழிகள் மட்டும் 22. எல்லாம் ஊர்களைப் பிரித்துவைத்த மலைகள் செய்த வேலை. முப்பதுக்கு மேற்பட்ட எரிமலைகள்; தாஹுமுல்கோ 4,220 மீட்டர், மத்திய அமெரிக்காவிலேயே உயரமானது. அதித்லான் ஏரியில் ஒரு கரையில் படகேறினால் கக்சிகேல் பேச்சு, தென்கரையில் இறங்கினால் சுதுஹில்.

பெண்கள் தறியின் ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறுநுனியை வாரால் இடுப்பில் மாட்டி நெய்கிறார்கள். அப்படி நெய்யும் மேற்சட்டைக்கு ‘உய்ப்பில்’ என்று பெயர். அதன் பூவேலையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். அதுவே ஆபத்தாகவும் முடிந்தது. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலோர் மாயா மக்கள். எந்த ஊர்க்காரி என்று படையினருக்குத் தெரியக் கூடாதென்று தங்கள் உடையையே கழற்றி ஒளித்துவைத்த பெண்கள் உண்டு. இன்று இந்தச் சந்தை முழுக்க அந்த உடைதான், மாலதி. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நிறைகிறது.

நாளை கோபான் நகருக்குப் போகிறேன். அங்கே ஏலக்காய் விளைகிறது! போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பயிர் அது. இன்று ஏலக்காய் ஏற்றுமதியில் இந்த நாடு நம்மையே முந்திவிட்டது. பயிரிடுபவர்கள் பெரும்பாலும் கெக்சி இனத்துச் சிறு விவசாயிகள். அவர்கள் சமையலில் ஏலக்காய் சேர்ப்பது அபூர்வம். பெரும்பகுதி அரபு நாடுகளின் காப்பிக்குப் போகிறது. அந்த மலைத்தோட்டங்களைப் பார்த்துவிட்டு விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
கௌரி