ஸ்வே பார் வாங்குவதற்கு முன்

கார் முழுச் சுற்று சுற்றவில்லை. அரைச் சுற்றுதான். ஆனால் நின்றபோது, அது வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது.

இடம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள லிங்கன் நகரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லேசான மழை. ஒரு கல்லூரி மாணவன் தன்னுடைய 1994 மாடல் மாஸ்டா மியாட்டாவில் நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் வந்துகொண்டிருந்தான். இரண்டே சீட் உள்ள வண்டி. பக்கத்து சீட்டில் அவனுடைய அப்பா. வேகம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தான். அவ்வளவுதான், பின்பக்கம் வெளியே போய்விட்டது.

நல்லவேளை, பின்னால் வேறு வண்டி வரவில்லை. எதிலும் இடிக்கவும் இல்லை. அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "போன வாரம் வரைக்கும் இந்த வண்டி இப்படிப் பண்ணலையே. என்னத்த மாத்தின?"

முந்தின நாள் ராத்திரி அவன் மாற்றியது ஒரே ஒரு பொருள்தான். பின்பக்க ஸ்வே பார்.

இத்தனைக்கும் அன்று காலையில் அதே கம்பிதான் அவனைச் சந்தோஷப்படுத்தியது. லிங்கனில் பழைய விமானதளத்துக் கான்கிரீட் தரையில் ஆட்டோகிராஸ் நடக்கும். கூம்புகளை அடுக்கி வைத்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக ஓட வேண்டும், போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். காய்ந்த தரையில் வண்டி சாயாமல் தட்டையாகத் திரும்பியது. ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், மூக்கு உள்ளே வந்தது. போன மாதத்தைவிட நேரமும் குறைந்தது. சாய்வு குறைந்தது, அதனால் பிடிமானம் கூடியிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அது தப்பு. அந்தத் தப்பைப் புரிந்துகொள்ள, ஸ்வே பார் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்வே பார் என்பது "ப" வடிவத்தில் வளைத்த ஓர் எஃகுக் கம்பி. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே எழும்பினால் (ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது போல) அது தன் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எதையும் தடுக்காது. வளைவில் வண்டி சாய்ந்து ஒரு சக்கரம் மட்டும் எழும்பினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கம்தான் சாய்வைத் தடுக்கிறது. யோசனை புதிதல்ல. 1919-லேயே கனடாவைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

கம்பியின் பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கடையில் பெட்டியைப் பார்க்கும்போது பலரும் கவனிக்காத விஷயம் இது. 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 16 மில்லிமீட்டர் போட்டால் நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முறுக்கு பலம் மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிடும்! குழாய் போன்ற உள்ளீடற்ற கம்பிகள் விற்பதற்கும் இதுதான் காரணம். நடுவில் பாதி விட்டத்துக்கு ஓட்டை போட்டால் எடை கால் பங்கு குறையும், பலமோ பதினாறில் ஒரு பங்குதான் குறையும். சில பார்களின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். லிங்க்கை உள்பக்கத் துளைக்கு மாற்றினால் கை நீளம் குறைந்து கம்பி இன்னும் விறைப்பாகும்.

சரி, இவ்வளவு பலம் வந்தும் பிடிமானம் ஏன் கூடவில்லை?

வளைவில் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. மொத்தம் எவ்வளவு மாறும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை மூன்று: வண்டியின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது. இந்த மூன்றையும் ஸ்வே பார் தொடுவதில்லை. அதனால் மொத்தத்தைக் குறைக்கவும் முடியாது. முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்ற பங்கீட்டை மட்டும்தான் அது மாற்றும். எந்தப் பக்கம் கம்பி தடிமனோ, அந்தப் பக்கம் அதிகப் பங்கை ஏற்கும்.

டயருக்கு ஒரு குணம் உண்டு. சுமை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். ஓர் உதாரணக் கணக்கு: பின்பக்க டயர் இரண்டும் ஆளுக்கு 250 கிலோ சுமந்து, ஆளுக்கு 250 பங்கு பிடிமானம் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 500. வளைவில் 150 கிலோ இடம் மாறி, வெளி டயரில் 400, உள் டயரில் 100 என்றானால்? வெளி டயர் 370 தரும், உள் டயர் 105 தரும். மொத்தம் 475. சுமந்த எடை அதேதான், 25 பங்கு காணோம். கம்பியைத் தடிமனாக்கினால் இன்னும் அதிக எடை இடம் மாறும், இன்னும் கொஞ்சம் காணாமல் போகும். தடித்த கம்பி தான் இருக்கும் பக்கத்தின் பிடிமானத்தை எடுத்து எதிர்ப்பக்கத்துக்குக் கொடுக்கிறது.

லிங்கன் வளைவில் நடந்தது இதுதான். மழையில் ஏற்கெனவே குறைந்திருந்த பின்பக்கப் பிடிமானத்தைப் புதுக் கம்பி இன்னும் குறைத்தது. காலைச் சட்டென்று எடுத்ததும் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் லேசானது. 1994 மியாட்டாவில் தடுமாற்றத்தைத் திருத்தும் மின்னணு உதவி எதுவும் கிடையாது. மிச்சத்தை ஓட்டுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "உங்க தாத்தாகிட்ட ஒரு கோர்வேர் இருந்துச்சு. அதுவும் இப்படித்தான், சொல்லாம கொள்ளாம திரும்பும்."

செவர்லே கோர்வேர் 1960 மாடலாக வந்த கார். எஞ்சின் பின்னால். பின்பக்க அச்சு ஊசலாடும் வகை. வேகமாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கக்கூடியது. முன்பக்கம் ஒரு ஸ்வே பார் இருந்தால் பங்கீடு மாறி, பின்பக்கத்துக்கு முன்னால் முன்பக்கம் வழுக்கத் தொடங்கும். ஆனால் ஆரம்ப மாடல்களில் அந்தக் கம்பி இல்லை. அதற்குப் பதிலாக டயர் காற்றை நம்பினார்கள்: முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26. நாலு டயருக்கும் ஒரே அளவு காற்று அடித்த ஆளுக்கு அந்தப் பாதுகாப்பும் போனது. 1962-இல் விருப்பப் பொருளாக வந்த முன் கம்பி, 1964-இல்தான் எல்லா வண்டிக்கும் வந்தது. 1965-இல் ரால்ஃப் நாடர் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே இந்தக் காருக்கு ஒதுக்கினார். 1972-இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்றது. யார் சொன்னது சரி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் கம்பெனியே கடைசியில் அந்தக் கம்பியைப் போட்டது என்பதை மறந்துவிட முடியாது.

இதே கதை பிறகும் நடந்தது. 1998-இல் விற்பனைக்கு வந்த ஆடி டிடி, ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் உயிர்ச்சேதத்தோடு விபத்துகளில் சிக்கியது. ஆடி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பின்னால் ஸ்பாய்லர், மின்னணு நிலைப்பாட்டுக் கருவி என்று சேர்த்தபோது, ஸ்வே பார்களையும் ஷாக் அப்சார்பர்களையும்கூட மாற்றினார்கள்.

சாதாரணக் கார்கள் முன்பக்கம் முதலில் வழுக்கும்படி வருவது எஞ்சினியர்களின் அசட்டுத்தனம் அல்ல. முன்பக்கம் வழுக்கினால் பயந்துபோன மனிதன் காலை எடுப்பான், வண்டி வேகம் குறைந்து வழிக்கு வரும். பின்பக்கம் வழுக்கும்போது அதே பயம், அதே காலெடுப்பு, வண்டியைச் சுழற்றிவிடும். அந்தப் பாதுகாப்பைக் கழற்றும் சுதந்திரம் உரிமையாளருக்கு உண்டு. கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவன் பின் பாரைக் கழற்றிவிட்டு, பழையதையே மாட்டினான். பிறகு வேலையை வரிசையாகத் தொடங்கினான். முதலில் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3512 என்றால் 2012-ஆம் ஆண்டின் 35-வது வாரம் தயாரித்தது. அவன் டயரில் பள்ளம் நிறைய இருந்தது, ஆனால் ரப்பர் வயதாகிக் கட்டையாகியிருந்தது. டயர் மாற்றினான். அடுத்து, வெடித்துப்போன பழைய புஷ்கள். அதற்கடுத்து வீல் அலைன்மென்ட். அதன் பிறகு ஷாக் அப்சார்பர். சாய்வு எவ்வளவு என்பதை ஸ்பிரிங்கும் பாரும் சொல்லும், அந்தச் சாய்வு எவ்வளவு வேகத்தில் வரும் என்பதை ஷாக் சொல்லும். ஷாக் செத்துப்போன வண்டியில் தடித்த பார் போடுவது, கால் உடைந்தவனுக்குப் புது ஷூ வாங்கித் தருவது மாதிரி. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் மீதும் ஆசை இருந்தது. விட்டுவிட்டான். பழைய மியாட்டாவில் பின் சக்கரம் மேலே எழும்ப இடம் குறைவு. இன்னும் தாழ்த்தினால் வளைவின் நடுவே ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்த நொடியில் பின்பக்கம் திடீரென்று கல்லாகிவிடும். மறுபடியும் அதே அரைச் சுற்று!

கடைசியாகத்தான் ஸ்வே பார். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. ஆட்டோகிராஸில் 2014-இல் வந்த ஸ்ட்ரீட் பிரிவின் விதி, முன்னால் அல்லது பின்னால், ஏதாவது ஒரே ஒரு பாரை மட்டும்தான் மாற்ற விடுகிறது. ஸ்பிரிங் கம்பெனி போட்டதே இருக்க வேண்டும். இந்த முறை அவன் முன் பாரைத் தேர்ந்தெடுத்தான். மியாட்டா பின் சக்கரத்தில் ஓடும் வண்டி. பின்னால் தடித்த பார் போட்டால் வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் லேசாகி, சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் சும்மா சுற்றும். சக்தி வீண். முன் பார் அந்தச் சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கும், சாய்வைக் குறைத்து முன் டயர் நிமிர்ந்து நிற்கவும் உதவும். முன்பக்கம் கொஞ்சம் முன்னதாக வழுக்கும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. அதைக் காற்றழுத்தத்திலும் அலைன்மென்ட்டிலும் ஓரளவு சரிசெய்துகொண்டான்.

மழை பெய்த ஒரு நாள், காலியான மைதானம் ஒன்றில் தனியாகப் பலமுறை ஓட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டான். அவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இப்ப வழுக்கினா எந்தப் பக்கம் முதல்ல போகும்?"

"முன்பக்கம்."

"சரி, எடு."

ஸ்வே பார் வாங்கப் போகிற யாரும், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.