நர்சாபூர் சாலையில் ஒரு ராத்திரி தங்க

ஹைதராபாத்தின் பாலாநகரில் மேம்பாலம் கட்டியிருக்கும் சந்திக்கு நர்சாபூர் கிராஸ் ரோடு என்று பெயர். சுற்றிலும் லேத் பட்டறைகள், லாரிகள், உற்பத்தி நின்றுபோன ஐ.டி.பி.எல். மருந்து ஆலை. இங்கே கிளம்பும் சாலை ஜீடிமெட்லா, கண்டிமைசம்மா, துண்டிகல் என்று போய், வெளிவட்டச் சாலையைத் தாண்டி, சுமார் 40 கிலோமீட்டரில் நர்சாபூர் காட்டுக்குள் நுழைகிறது. வாரமெல்லாம் இரும்புச் சத்தத்தில் கிடப்பவனுக்கு இந்தச் சாலையின் மறுமுனையில் ஒரு ராத்திரி வானம் பார்த்துத் தூங்கத் தோன்றுவது நியாயமான ஆசை. கூடாரம் இப்போது மலிவு விலைக்கே கிடைக்கிறது. காடு அரசாங்கத்துடையது, அதாவது நம்முடையது. பிறகு யாரிடம் கேட்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. தங்க இடம் வேண்டும் என்கிற கட்சிதான் நானும். அந்த இடம் காடல்ல, காட்டை ஒட்டிய அறுவடை முடிந்த வயல் என்பது என் வாதம்.

இந்த ஆசைக்கு முன்மாதிரியாக எல்லோரும் காட்டுவது அமெரிக்காவை. அங்கே மேற்கு மாநிலங்களின் உயர்பாலை நிலத்திலும் மலைக்காடுகளிலும் முகாம் மைதானம், குழாய், கழிப்பறை எதுவுமில்லாத இடத்தில் கட்டணமின்றிக் கூடாரம் போடலாம். நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் இருப்பது மட்டும் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர். கிட்டத்தட்ட ஒன்பது தெலங்கானா. பொதுவாக ஓர் இடத்தில் 14 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. கழிவை ஆறு முதல் எட்டு அங்குல ஆழக் குழியில், தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளிப் புதைக்க வேண்டும். இந்த ஏற்பாடு நடப்பதற்குக் காரணம் அந்த ஊர்க்காரர்களின் ஒழுக்கம் என்று நம்மவர்கள் அடிக்கடி மெச்சிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒரு கூடாரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மைல் கணக்கில் இடம் இருப்பதுதான் காரணம். யார் நிலத்திலும் ஓரிரவு தங்கலாம் என்ற பழைய வழக்கம் உள்ள சுவீடனில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 25 பேர். தெலங்கானாவில் 2011 கணக்கெடுப்பின்படி 312 பேர். ஒரு கோடி பேர் வாழும் நகரத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் காட்டில் கூடாரங்கள் சிதறி நிற்காது. சாலையிலிருந்து எட்டும் தூரத்தில், நிழலும் தண்ணீரும் உள்ள நாலைந்து இடங்களிலேயே மறுபடி மறுபடி குவியும். கருங்கல் பாறை மேல் மெல்லியதாகப் படிந்த மண்ணில் கோடையில் எட்டு அங்குலம் தோண்டக் கடப்பாரை வேண்டும்; கூடாரப் பையில் யாரும் கடப்பாரை கொண்டுபோவதில்லை.

அடுத்தது தீ. நர்சாபூர் காடு இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் தேக்கிலை முறம் அளவுக்குக் காய்ந்து விழுந்து, கால் வைத்தால் அப்பளமாக நொறுங்கும். மூன்று கல்லை வைத்து டீ போட்டுவிட்டு, தண்ணீர் தெளித்து அணைத்ததாக நினைத்துப் போகிறவர்கள், கல்லுக்கடியில் இலைமக்கு கனன்றுகொண்டிருப்பதைப் பார்ப்பதில்லை. காட்டில் தீ வருவது முகாம் போடுகிறவர்களால் மட்டுமல்ல என்பது உண்மை. இலுப்பைப் பூ பொறுக்க மரத்தடிச் சருகைக் கொளுத்துகிறார்கள். பீடி இலை நன்றாகத் துளிர்க்கட்டும் என்றும் தீ வைக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே எரியும் காட்டுக்கு இன்னொரு அடுப்பு எதற்கு? தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே நெருப்பு எப்படிப் பிடித்தது என்பது வேறு பேச்சு. காய்ந்த புல் சரிவில் தீ மேலேறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதையும் தீ மூட்டுவதையும் தெலங்கானாவில் நடப்பிலிருக்கும் 1967-ஆம் ஆண்டு வனச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வெள்ளைக்காரன் மரத்துக்காகப் போட்ட சட்டங்களின் வாரிசுதான், ஆனாலும் இந்த இரண்டு விஷயத்தில் அது பிழையில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். இரண்டு பேர் தங்கும் கூடாரத்தை விரட்டுகிறீர்கள், ஐம்பது கூடாரம் அடித்து வாடகைக்கு விடுகிறவனை விட்டுவிடுகிறீர்கள் என்று. பாதி உண்மை. ரிஷிகேஷிலிருந்து கௌடியாலா வரை கங்கைக் கரை மணலில் வரிசையாக முளைத்த முகாம்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தடுத்தது. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கவே கூடாது என்றது. இரண்டிலும் தடைக்கு வழிவகுத்தது வியாபாரம்தான். பிறகு தனியாகப் போகிறவனும் அதே உத்தரவில் அடிபட்டான். ஸ்பிதியின் சந்திரதாலில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், ஏரிக்கரையிலிருந்த முகாம்களைச் சில கிலோமீட்டர் தள்ளி நகர்த்த வேண்டியிருந்தது. அந்தக் குளிரிலும் வறட்சியிலும் கழிவு லேசில் மக்காது. பிளாஸ்டிக் என்றில்லை, மலம்கூடக் காய்ந்து அப்படியே கிடக்கும். அதை விட்டுப்போனவன் காசு கொடுத்துத் தங்கினானா, கொடுக்காமல் தங்கினானா என்று ஏரிக்குத் தெரியாது. ஆகவே வியாபாரியைக் கட்டுப்படுத்து என்பது சரி. எனவே என்னைக் காட்டுக்குள் விடு என்பது அதிலிருந்து வராது.

அப்படியானால் எங்கே போவது? தக்காணத்தில் கூரையில்லாமல் வெட்டவெளியில் தங்கும் கலையை எந்த அமெரிக்கனும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. தெலங்கானாவின் கொல்லா, குருமா இடையர்கள் தலைமுறை தலைமுறையாக மந்தையோடு ஊர் ஊராகப் போய் அறுவடை முடிந்த வயல்களில் இரவைக் கழிக்கிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் கிடை போடுவதும் இதேதான். குருமாவின் மொத்த முகாம் சாமான் ஒரு கொங்கடி. தக்காணி ஆட்டின் கரிய முரட்டு ரோமத்தில் நெய்த கம்பளி. விரித்தால் படுக்கை, மழை வந்தால் தலையில் போட்டுக்கொள்ளும் குடை, பனியில் போர்வை. அவர் வயலுக்கு வாடகை கொடுப்பதில்லை. ஆட்டுப்புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாவதால் வயல்காரர்தான் அவருக்குத் தானியமோ பணமோ தருகிறார். இலவசத் தங்கல் என்றால் இதுதான் அசல். நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவரிடம் கேட்கப்படுகிறது, வந்தவரால் அவருக்கு ஏதோ கிடைக்கிறது.

நர்சாபூர், மெதக் பக்கத்து மானாவாரி நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் எடுத்த பிறகு ஆனி மழை வரை பெரும்பாலும் வேலையில்லை. காட்டின் விளிம்பு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். ஊராட்சி சம்மதித்து, வயல்காரர் காட்டிய மேட்டில் நான்கைந்து கூடாரங்கள் நின்றால், இரவில் யாராவது வந்து மிரட்டுவார்களோ என்ற பயம் குறையும். பெண்கள் தனியாகப் போவதற்கு இது சின்ன விஷயமல்ல. புழுக்கை போட முடியாதவர்கள் அந்த வீட்டில் ஜொன்ன (சோள) ரொட்டியும் பச்சடியும் வாங்கிச் சாப்பிடலாம். இது வனாந்தரமில்லை, சிறுத்தை உறுமாது, தூரத்தில் யாரோ மோட்டார் போடும் சத்தம் கேட்கும் என்பார்கள். கேட்கும்தான். இரண்டே வருடத்தில் அந்த வயல்காரரே போர்டு வைத்துத் தலைக்கு இரண்டாயிரம் கேட்பார் என்ற மறுப்புதான் எனக்கு உண்மையில் சங்கடமானது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. கூடார எண்ணிக்கைக்கு ஊராட்சி உச்சவரம்பு வைத்தால் முதலாளிக்கு அதில் லாபமிருக்காது, வயல்காரருக்குக் கைச்செலவுக்கு ஆகும் என்று மட்டும் சொல்லலாம். 2024-இல் தமிழ்நாடு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது, உள்ளூர் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்து, எத்தனை பேர் போகலாம் என்பதை முன்பதிவில் முடிவு செய்தது. கட்டணம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். எண்ணிக்கையை அளந்துவிட்டதில் தவறில்லை. தெலங்கானா ஊராட்சிகள் அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கோடையில் இரண்டு மூன்று ஊர்களில் பார்க்கலாம். பருத்திமார் குவிந்து கிடக்கும் வயலில், வயல்காரர் பக்கத்தில் நிற்க, டீ போட ஒரு சின்ன நெருப்பும் மூட்டிக்கொள்ளலாம்.