அஞ்சு மணிக்கு வந்தவன்

போடிநாயக்கனூரில் கணக்கு தப்பாது. அஞ்சு கிலோ பச்சை ஏலக்காயைக் காயவைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அதையும் சல்லடையில் சலித்து, மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிப்பார்கள். ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் பெரிய காய்க்குப் பெரிய விலை, சின்னக் காய்க்குச் சின்ன விலை. நியாயம்தானே?

இந்த ஊரில் உட்கார்ந்து பைபிளில் மத்தேயு 20-ம் அதிகாரத்தைப் படித்தால், பி.காம். படித்த என்னைப் போன்ற ஆளுக்குத் தலை சுற்றும்.

இயேசு சொன்ன கதை அது. ஒரு திராட்சைத் தோட்டக்காரர் விடிகாலையில் ஆள் கூப்பிடுகிறார். கூலி ஒரு தெனாரியம். அந்தக் காலத்தில் கூலிக்காரரின் ஒரு நாள் சம்பளமான ரோமாபுரி வெள்ளிக்காசு. 9 மணி, 12 மணி, 3 மணிக்கும் ஆள் எடுக்கிறார். சாயங்காலம் 5 மணிக்கும் சிலர் நிற்க, அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் பட்டுவாடா. கடைசியாக வந்தவருக்கு முதலில் கொடுக்கிறார்... ஒரு மணி நேர வேலைக்கு முழுசா ஒரு தெனாரியம்! காலையில் வந்தவர்கள் மனக்கணக்குப் போட்டபடி கையை நீட்டினால், அவர்களுக்கும் அதே ஒரு தெனாரியம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் யூனியன் ஆரம்பித்திருப்பேன்!

ஆனால், போடியில் விடிகாலை ஜீப் ஏறும் இடத்தை ஒரு நாள் பாருங்கள். தூக்குச்சட்டியோடு பெண்கள். போடிமெட்டு வழியாக, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். ஏலக்காய் செடியின் தூரில், தரையோரமாகக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்து, சரத்தில் முற்றியதை மட்டும் பார்த்துப் பறிக்கணும். கண்ணும் இடுப்பும் திடமாக இருக்கிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மிஞ்சுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை சார். வயசானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள்.

கதையில் அஞ்சு மணி ஆட்களும் அதைத்தான் சொல்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. காலையிலிருந்து நின்றதற்குக் கூலி கிடையாது. ராத்திரி அடுப்பு எரியுமா என்ற பயம் வேறு. ஒரு மணி நேரக் கூலி மட்டும் கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். உலையில் அரிசி இருந்திருக்காது.

'சரி, மறுநாள் எவன் காலையில் வேலைக்கு வருவான்?' என்பீர்கள். நல்ல கேள்வி. எஸ்டேட் நடத்த இந்தக் கதை உதவாது. இயேசு சம்பளக் கமிஷன் அறிக்கை எழுதவில்லை. எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்டாரே... அதற்குப் பின்னால் வருகிற கதை இது. கடவுளிடம் சீனியாரிட்டி லிஸ்ட் கிடையாது. அறுபது வருஷம் சர்ச்சுக்குப் போனவருக்கு முழு அன்பு, கடைசி மூச்சில் திரும்பி வந்தவனுக்குக் கால்வாசி அன்பு என்று அவர் பிரித்துக் கொடுப்பதில்லை. கிறிஸ்தவர்கள் 'கிருபை' என்பது இதைத்தான்.

காலை ஆட்களுக்கு ஒரு பைசாகூடக் குறையவில்லை. பேசிய கூலி கைக்கு வந்துவிட்டது. அடுத்தவன் கையைப் பார்க்கிறவரை அது முழுச் சம்பளம். பார்த்த நொடியில் குறைந்துபோச்சு!

இந்தக் கதையைப் படிக்கும்போது நாம் எல்லோருமே காலை ஆட்களோடு போய் நின்றுகொள்கிறோம். ஒரே ஒரு தடவை, 5 மணி வரை நின்ற அந்த ஆள் உங்கள் அப்பா என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

'அநியாயம்' என்று அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா என்ன?