கணினித் தம்பியின் கோபமும் எங்கள் பழக்கங்களும்

எமது அலுவலகம் திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அண்மையில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று நேராக உள்ளே வரும். உப்புக் காற்று கணினிக்குக் கூடாது என்று சொல்லி அதைப் பூட்டுவது எங்கள் கணினித் தம்பியின் வழக்கம். நாங்கள் திறப்போம், அவர் பூட்டுவார்.

கணினி என்றால் அவருக்கு உயிர். ஒருநாள் பொறுமை இழந்து சுவரில் ஒரு தாளை ஒட்டினார். 'தயவுசெய்து செய்ய வேண்டாம்' என்பது தலைப்பு. கீழே ஏழு விடயங்கள் இருந்தன. கணினியைச் சுவர்ச் சுவிச்சில் நிறுத்த வேண்டாம். திரையை மட்டும் கொம்பியூட்டர் என்று சொல்ல வேண்டாம். கடவுச்சொல்லை எழுதி ஒட்ட வேண்டாம். எல்லாவற்றையும் அச்செடுத்துக் கேட்க வேண்டாம். மிஸ் கோல் அடிக்க வேண்டாம். காலை வணக்கப் பூப்படங்கள் அனுப்ப வேண்டாம். பாமினியில் தட்டச்சு செய்ய வேண்டாம்.

வாசித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். ஏழும் எங்கள் பழக்கங்கள்தான்.

அந்த வாரமே மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் சொப்பிங் பை, அதற்குள் சேலைத் துண்டால் சுற்றிய ஒரு பைல். காணாமற்போன மகனுடைய பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஒரு படம், பல கடிதங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிகள் வேண்டும் என்றார். தம்பி எல்லாவற்றையும் ஸ்கான் செய்து கணினியில் சேமித்துவிட்டு, "இனி உங்களுக்குக் கடதாசியே தேவையில்லை அம்மா, எல்லாம் இதுக்குள்ள பத்திரமா இருக்கு" என்றார்.

அம்மா கணினியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கரண்ட் போனா என்ர பிள்ளையை எப்பிடித் தம்பி வெளியில எடுக்கிறது?"

தம்பிக்குப் பதில் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஒரு பழக்கத்தைக் குறை சொல்லமுன் அது எந்தச் சூழலில் பிறந்தது என்று பார்க்க எமக்குக் கற்றுத்தந்தார்கள். அந்த அம்மா 2006 இல் இடம்பெயர்ந்தவர். வாகரை, மட்டக்களப்பு, கிளிவெட்டி முகாம் என்று அலைந்து பத்து வருடங்களுக்குப் பிறகே சொந்தக் காணியை மிதித்தவர். அத்தனை இடத்துக்கும் அவரோடு போனது அந்தப் பைல்தான். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013 இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. 2016 இல் சட்டம் நிறைவேறி, 2018 இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பம், புதிதாகப் பிரதி. ஐந்து பிரதி கேட்பது அறியாமை அல்ல, அது அனுபவம்.

மிஸ் கோலும் அப்படித்தான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு மணி, பஸ் கிடைக்கவில்லை என்றால் இரண்டு மணி என்று எங்கள் பெண்கள் தங்களுக்குள் ஒரு மொழியே வைத்திருந்தார்கள். காசு செலவில்லை. சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்ற அந்த ஒரு மணிக்காக எத்தனை தாய்மார் விழித்திருந்தார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று வட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் பூவும் அந்த மணியின் தொடர்ச்சி என்றே நான் நினைக்கிறேன். ரோசாப்பூவும் விளக்கும் போட்ட படம் தம்பிக்குத் தொலைபேசியின் நினைவகத்தை நிரப்பும் குப்பை. தனியாக இருக்கும் ஓர் அக்காவுக்கு அது 'நான் இன்றைக்கும் எழும்பிவிட்டேன்' என்ற செய்தி. ஒருநாள் பூ வராவிட்டால் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. தொலைபேசியில் காட்டினால் போதும் என்றார்கள். எங்கள் ஆட்கள் அதை அச்செடுத்து, லமினேற் செய்து, பணப்பையில் வைத்தார்கள். வரிசையில் மணிக்கணக்காக நின்று தொலைபேசியின் பற்றறி இறங்கிப்போனவர்களுக்கு மத்தியில், அந்த மட்டையை நீட்டியவர்கள் பெற்றோல் அடித்துக்கொண்டு போனார்கள். தம்பியும் பிறகு ஒன்று அச்செடுத்துக்கொண்டார். அதை நாங்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவதுண்டு.

இவ்வளவும் எழுதியது எங்கள் பழக்கங்கள் எல்லாம் சரி என்று வாதாடுவதற்கு அல்ல. தம்பியின் தாளில் ஏழாவதாக இருந்ததைப் பார்த்தும் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு பெண் விலை கொடுக்க நேர்ந்தது.

எங்களிடம் 2007 இல் தயாரிக்கப்பட்ட ஒரு பட்டியல் இருக்கிறது. முகாமில் இருந்த குடும்பங்களின் பெயர், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் உண்டு. எனக்கு முன்பு வேலை செய்த ஒருவர் இரவு பகலாக இருந்து தட்டச்சு செய்தது. சில வருடங்களுக்கு முன் ஓர் அக்கா வந்தார். காணி விண்ணப்பத்தோடு இணைப்பதற்கு, தான் முகாமில் இருந்ததாக ஒரு கடிதம் வேண்டும் என்றார். முகாமில் கொடுத்த அட்டை தொலைந்துவிட்டது. நான் பட்டியலைத் திறந்து, தேடும் இடத்தில் அவருடைய பெயரை அடித்தேன். இல்லை என்று காட்டியது. கணவருடைய பெயரை அடித்தேன். அதுவும் இல்லை. "உங்கட பெயர் இதில இல்லை அக்கா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மூதூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து வேறொரு தேவைக்காகப் பட்டியலைப் புரட்டிக்கொண்டு போனபோது, நாற்பதாவது பக்கத்தில் அவருடைய பெயர் இருந்தது. கணவரும் மூன்று பிள்ளைகளும் சரியாகப் பதியப்பட்டிருந்தார்கள்.

தம்பிதான் விளக்கினார். பாமினி என்பது பழைய வகை எழுத்துரு. அதில் தமிழ் எழுத்து சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 'அம்மா' என்று நாங்கள் காண்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். மெய்யெழுத்தின் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கிலக் குறிகளே தெரியும். யுனிகோட் முறை அப்படியல்ல. அதில் தமிழ் எழுத்துக்களுக்கென்றே தனி எண்கள் உண்டு. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. நான் தேடியது யுனிகோட் பெயர், பட்டியலில் இருந்தது பாமினிப் பெயர். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு.

பாமினிக்கும் காரணம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. தட்டச்சு பழகிய காலத்தில் எங்கள் கைக்குக் கிடைத்தது அதுதான். அச்சகங்களும் அதைத்தான் கேட்டன. ஆனால் காரணம் நியாயமாக இருந்தாலும், பழக்கம் ஒரு பெண்ணின் பெயரை மறைத்துவிட்டது. அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. தாளைப் புரட்டிப் பார்க்காமல், கணினி சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலம் கடந்து அவருடைய வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டுச் சொன்னார்: "பெயர் இல்லை எண்டு சொல்லுறது எனக்குப் புதுசில்லை மகள். ஆனா நீங்களும் சொன்னதுதான் கவலையா இருந்தது."

அன்றிலிருந்து இரண்டு மாதம் தம்பியும் நாங்களும் மாலையில் இருந்து அந்தப் பட்டியலை யுனிகோட்டுக்கு மாற்றினோம். மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகவே உண்டு. ஆனாலும் சில எழுத்துக்கள் பிசகும் என்பதால், ஒருவர் பெயரை உரத்து வாசிக்க மற்றவர் சரிபார்த்தோம். நாங்கள் பாமினியை விட்டோம். தம்பி அச்செடுத்துத் தர மறுப்பதை விட்டார்.

சகோதரிகளே, இதிலிருந்து நான் உங்களிடம் கேட்பது சில விடயங்கள்தான்.

உங்கள் கடதாசிகளை எறியாதீர்கள். அதேநேரம் அவற்றைத் தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கரையோர வீடுகளில் இருந்த கடதாசிகள் ஒரே நாளில் போனதை நாம் கண்டோம். கடதாசிக்கு நீர் எதிரி, கணினிக்கு மின்வெட்டு எதிரி. இரண்டிலும் இருந்தால் ஒன்றாவது மிஞ்சும்.

வங்கி அட்டையின் இரகசிய எண்ணைத் தொலைபேசி உறைக்குள் எழுதி வைக்காதீர்கள். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், கொடுக்காதீர்கள். இந்த இரண்டிலும் தம்பியின் கோபம் முழுக்க நியாயமானது.

எந்த அலுவலகத்திலாவது 'உங்கள் பெயர் இல்லை' என்று சொன்னால் உடனே எழும்பி வந்துவிடாதீர்கள். பட்டியல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கேளுங்கள். பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் தேடச் சொல்லுங்கள். தாளைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் எரிச்சல்படலாம், பரவாயில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்தாலும் அப்படியே கேளுங்கள்.