எண்ணிப் பார்த்தவர்கள்

ஜூலை 9

இந்த செமஸ்டரில் எனக்கு மிகவும் பிடிக்கப்போகிற தாள் ‘செல் உயிரியலும் மரபியலும்’ என்று முதல் வகுப்பிலேயே தோன்றிவிட்டது. மேடம் கரும்பலகையில் வருடங்களை மட்டும் எழுதிவிட்டுப் பேசத் தொடங்கினார். 1665 ராபர்ட் ஹூக். 1838 ஷ்லெய்டன், 1839 ஷ்வான். 1855 ஃபிர்கோ. ஒரு பீரியட் முடிவதற்குள் இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. நான் மட்டும் ஹூக்கிடமே நின்றுவிட்டேன்.

தக்கையை மெல்லச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் சுவர்களைத்தான். உள்ளே உயிர் எதுவும் இல்லை. ஆனாலும் வெறுமனே வியந்துவிட்டு அவர் எழுந்து போகவில்லை. ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் ஏறத்தாழ 60 அறைகளை எண்ணியிருக்கிறார். அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 1080. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் பெருக்கினால் ஒரு கன அங்குலத் தக்கையில் 125,97,12,000 அறைகள். அந்தப் பெருக்கலை நோட்டின் ஓரத்தில் நானும் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரோடு ஒரே கணக்கைப் போட்ட சந்தோஷம் மதியம் வரை இருந்தது.

ஜூலை 27

வாரக் கடைசி என்பதால் ஊரில் இருக்கிறேன். மூலனூர்ப் பக்கம் ஆடிக்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்க, எங்கள் காட்டில் கண்வலிக் கிழங்கு நடவு. கிழங்கு இரண்டு கையாகக் கவைத்திருக்கும். கையின் நுனியில்தான் முளை. அது ஒடிந்தால் அந்தக் கை வீண். அதனால் அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தித்தான் குழியில் வைப்பார். கூலிக்கு வந்தவர்கள் அவசரப்பட்டால் அந்த வரிசையைத் தானே வாங்கிக்கொள்வார்.

ஊருக்கு வெளியே இதைச் செங்காந்தள் என்பார்கள், மாநில மலர். திருப்பூர், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட காடுகளில் இது விதைக்காகப் போடுகிற வெள்ளாமை. விதையிலிருந்து கால்சிசின் எடுக்கிறார்கள். கவுட் என்கிற மூட்டு வீக்கத்துக்கு அது மருந்து. வியாபாரி எடை போட்டு வாங்கிப் போனால், அது கடைசியில் வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்குப் போகிறது என்ற மட்டில் எங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும்: கிழங்கு, தண்டு, விதை எல்லாமே விஷம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரையும் சோற்றுப் போசி பக்கம் அம்மா விடமாட்டார்.

ஆகஸ்ட் 13

இன்று வெங்காய வேர்நுனி. மூன்று நாளாக டம்ளர் வாயில் உட்கார்ந்து, அடிப்பகுதி தண்ணீரைத் தொட்டபடி இருந்த வெங்காயங்கள் வெள்ளை வெளேரென்று வேர் விட்டிருந்தன. நுனியை வெட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சொட்டி, ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டினோம். பிறகு கவர் ஸ்லிப் போட்டு, தீக்குச்சியின் பின்முனையால் தட்டி, பிளாட்டிங் பேப்பர் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினோம்.

எங்கள் நுண்ணோக்கிகளில் பல்பு கிடையாது. கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும். முதலில் சிவப்பு மங்கல். நுண் திருகைத் திருகத் திருக, செல்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. பெரும்பாலானவை பிரியாத செல்கள். உருண்டையான உட்கரு மட்டும் தெரிகிறது. தேடிக்கொண்டே போனால் ஒன்றில் நூல்கள் தடித்திருக்கின்றன, ஒன்றில் நடுவில் கூடியிருக்கின்றன, ஒன்றில் இரண்டு பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. அனாபேஸ்! புத்தகத்தில் நான்கு கட்டம் போட்டுக் காட்டுவது இங்கே ஒரே வேரில், அடுத்தடுத்த செல்களில், ஒரே சமயத்தில் நடந்து பாதியில் நிலைத்திருக்கிறது. மற்றவர்கள் ரெக்கார்டுக்குப் படம் வரையத் தொடங்கிய பிறகும் எனக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

நூல்கள் நடுவில் கூடியிருக்கிற மெட்டாபேஸ் செல் ஒன்றில் அந்த நூல்களை, அதாவது குரோமோசோம்களை, எண்ணினேன். 14 வந்தது. அடுத்ததில் 15. கைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. “வெங்காயத்துக்கு 16” என்றார் மேடம். திரும்ப எண்ணினேன். 16 வந்தது. அப்படி வந்ததுதான் ராத்திரி வரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. விடை தெரிந்த பிறகு கண் அதற்குத் தக்கபடி எண்ணிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 20

செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிப்பவை கதிர்க்கோல் இழைகள். இழைகள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. அந்த டியூபுலினில் ஒட்டிக்கொண்டு இழை உருவாகாமல் தடுக்கிற பொருள் உண்டு. அப்போது குரோமோசோம்கள் நன்றாகத் தடித்து, பிரிய வழியில்லாமல் அப்படியே நின்றுவிடும், எண்ணுவதற்கு அதைவிடத் தோதான நிலை கிடையாது என்று சொல்லிக்கொண்டே வந்த மேடம், “அதற்குப் பெயர் கால்சிசின்” என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் காட்டில் விளைவது அதுதான் என்றேன். மேடம் பாடத்தை நிறுத்திவிட்டு, பூவிலிருந்து விதை வரை என்னையே சொல்லச் சொன்னார். பிறகு அவர் சொன்னது: 1938இல் ஸ்வீடனில் ஆல்பெர்ட் லேவன் என்பவர் வெங்காய வேர்களைக் கால்சிசினில் வைத்து என்ன ஆகிறது என்று பார்த்து எழுதினார். நாம் போன வாரம் பார்த்த அதே வேர். படியெடுத்த குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லுக்குள் தங்கிவிடுவதால், எண்ணிக்கை இரட்டிப்பாகும். அந்த வழியில் புதுச் செடிகளையே உண்டாக்கலாம். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1930களில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், பின்னால் இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாவுக்குக் கால்சிசின் வைத்தவர். அவர் பெயரில் ஒரு மக்னோலியா இருக்கிறது. உலகத்தின் பயிர்ச்செடிகளுக்கெல்லாம் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் அவர் வெளியிட்ட நூல், பாடத்திட்டத்தின் எந்த மூலையிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

ராத்திரி அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “செல்லு பிரியறதையே நிறுத்திப்போடும்னா, அப்பறம் அந்தச் செடி மட்டும் எப்படிக் கண்ணு வளருது?” என்றார்.

ஆகஸ்ட் 22

அம்மாவின் கேள்வியை வகுப்பில் அப்படியே கேட்டேன். அருமையான கேள்வி என்று சொல்லிவிட்டு மேடம் உட்கார்ந்து விளக்கினார். விலங்குகளின் டியூபுலினில் கால்சிசின் உறுதியாக ஒட்டுகிறது; செடிகளின் டியூபுலினில் அவ்வளவாக ஒட்டாது. ஒரு செடியின் செல்லை நிறுத்த, விலங்குச் செல்லுக்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு கால்சிசின் வேண்டும். அதைத் தயாரிக்கிற செடிகளோ மற்றச் செடிகளைவிடவும் தாங்குகின்றன. பூச்சிக்கும் ஆட்டுக்கும் எமனாக இருப்பது அந்தச் செடிக்கு வேலி. கேட்டது யார் என்று மேடம் விசாரித்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் அம்மா என்று சொல்லும்போது குரல் எனக்குக் கொஞ்சம் உயர்ந்தது.

செப்டம்பர் 11

மனிதனுக்கு 46 குரோமோசோம்கள். ஒரு மதிப்பெண் கேள்வி. பள்ளியிலிருந்தே சொல்லிவருகிறோம். அதற்குப் பின்னால் இருக்கிற கதையை இன்று லைப்ரரியில் படித்தேன்.

அமெரிக்காவில் டெக்சாஸில் தியோஃபிலஸ் பெயின்டர் மனிதத் திசுவைச் சீவி, எண்ணி, 1921இல் மிகத் தெளிவான செல்களில் 46தான் தெரிகிறது என்று எழுதினார். பிறகு மற்ற செல்களையும் பார்த்து 1923இல் 48 என்று முடிவு செய்தார். அதன்பின் ஏறத்தாழ எல்லோரும் 48 என்றே எண்ணினார்கள். டி. சி. ஷூ 1952இல் ஒரு பெரிய வழியைக் கண்டார். உப்பு குறைந்த கரைசலில் செல்கள் ஊதிப் பெருத்து, குரோமோசோம்கள் தனித்தனியாக விலகி நின்றன. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் அவரும் எழுதியது 48.

1955 டிசம்பர். ஸ்வீடனின் லுண்ட் நகரம். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, மனிதக் கருவின் நுரையீரல் செல்களை எடுத்து, ஷூவின் கரைசலையும் கால்சிசினையும் சேர்த்துப் பயன்படுத்தி எண்ணினார். 46. மறுபடியும் எண்ணினார். 46. அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் அவரோடு இருக்கிற பெயர் ஆல்பெர்ட் லேவன், வெங்காய வேரைக் கால்சிசினில் வைத்த அதே லேவன்.

முப்பத்து மூன்று வருடம் உலகம் முழுவதும் படித்தவர்கள் இரண்டைக் கூட்டி எண்ணியிருக்கிறார்கள். யாரும் சோம்பேறி இல்லை, யாரும் பொய் சொல்லவில்லை. என் வெங்காயச் செல்லில் 16 வந்தது எப்படியோ, அப்படித்தான் 48ம் வந்திருக்கும். ஜியோ செய்தது கண்ணை மட்டும் நம்புவது. அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 46 என்ற விடையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு இந்தக் கதையைக் கொடுக்காமல் விடுவது, மாணவர்களுக்குச் செய்கிற குறை என்று நினைக்கிறேன். ஒரு மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒரு முழு வகுப்பு இதற்குத் தர வேண்டும்.

அக்டோபர் 12

ஆயுத பூஜை விடுமுறை. காடு முழுக்கப் பூ. கிளுவையிலும் கம்பியிலும் இலை நுனியால் சுற்றிப் பிடித்து ஏறியிருக்கிறது கொடி. பச்சையாகத் திறந்து, மஞ்சளாகி, நுனி சிவந்து, கடைசியில் முழுக்கச் சிவக்கிற பூக்கள் எல்லா நிலையிலும் ஒரே கொடியில் நிற்கின்றன.

இந்தப் பூவில் ஆறு மகரந்தத் தாள்கள் வெளியே விரிந்திருக்கும். சூல்தண்டோ அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் நீண்டுபோயிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுவது அபூர்வம். பட்டாம்பூச்சியையும் தேன்சிட்டையும் மட்டும் நம்பினால் காய் போதாது. எனவே விடியற்காலையில் பெண்கள் இறங்குகிறோம். ஒரு கொடியில் மகரந்தப் பையைக் கிள்ளி, வேறு கொடிகளின் சூல்முடியில் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். முதுகு வலிக்கிற வேலை.

போன வாரம்தான் மெண்டல் நடந்தது. புருனோ மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை அவரும் இதையே செய்தார். பட்டாணியின் மொட்டைத் திறந்து, மகரந்தத் தாள்களை இடுக்கியால் நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, பை கட்டினார். ஏறத்தாழ 28,000 செடிகள். ‘மூன்றுக்கு ஒன்று’ என்று பாடத்தில் முதலிலேயே எழுதிப் போட்டுவிட்டு, சதுரக் கட்டத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் நிரப்பச் சொல்வதில் அந்தக் கையின் வேலை மறைந்துபோகிறது. அவர் கையில் இருந்தது விகிதம் இல்லை, விதைகள். 253 கலப்புச் செடிகளிலிருந்து 7324 விதைகள். உருண்டை 5474, சுருங்கியவை 1850. ஒரு செடியில் 43 உருண்டையும் 2 சுருங்கியதும் இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். இன்னொன்றில் 14க்கு 15! அந்த இரண்டை மட்டும் பார்த்தவருக்கு எந்த விதியும் கிடைத்திருக்காது. எல்லாவற்றையும் எண்ணியவருக்குத்தான் கிடைத்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது, “அவருக்கு ஆள் துணை இருந்துதா, தனியாவா எண்ணுனாரு?”

நவம்பர் 6

கூடலூரிலிருந்து வந்து படிக்கிற வகுப்புத் தோழி ஒருத்தி, அரிவாள் செல் சோகை பற்றி இன்று செமினார் எடுத்தாள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் பதிவு செய்தார்கள்.

பெற்றோர் இருவருமே இந்த மாற்றத்தைச் சுமப்பவர்களாக இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ‘நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வரும், ஒன்றுக்கு வந்துவிட்டால் மற்றது தப்பும்’ என்று அவள் ஊரில் பலர் நம்புகிறார்களாம். அப்படி இல்லை என்று அவள் சொன்ன விதம் வகுப்பையே நிமிர வைத்தது. ஒவ்வொரு பிறப்பும் புதிதாகத் தொடங்குகிற கணக்கு. 7324 விதையில் தெரிகிற விகிதம் ஒரு வீட்டின் இரண்டு மூன்று பிள்ளைகளில் தெரியாது. 43க்கு 2 வருகிற வீடும் உண்டு, 14க்கு 15 வருகிற வீடும் உண்டு. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே இரத்தப் பரிசோதனை வேண்டும் என்றாள். அடுத்த விடுமுறையில் ஊரில் இதைப் படம் வரைந்து காட்டப் போகிறாளாம். ரெக்கார்டுக்கு வரைந்த என் படங்களையெல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 18

தேர்வு முடிந்தது. 46 கேட்டிருந்தார்கள்.

ஊரில் காய் பறிப்பு. தோல் சுருங்கிய காய்களை உடைத்து, செந்நிற விதைகளை நிழலில் உலர்த்துகிறோம். ஒரு காயில் எத்தனை விதை என்று அம்மாவைக் கேட்டேன். காய்க்குக் காய் மாறும், கை வைத்த பூவில் கூடுதல் என்றார். எவ்வளவு கூடுதல்? அதை எங்கள் காட்டில் யாரும் எண்ணியதில்லை.

மேடத்திடம் பேசினேன். அடுத்த பருவத்தில் மூன்று விதமாகப் பூக்களுக்கு நிற நூல் கட்ட வேண்டும்: கையால் மகரந்தம் வைத்தவை, அப்படியே விட்டவை, பூச்சி நுழையாமல் பட்டர் பேப்பர் பை மாட்டியவை. ஒவ்வொரு விதத்திலும் நூறு பூவாவது இருந்தால்தான் எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்கும், எண்ணுகிறவருக்கு எந்த நூல் எது என்று தெரியாமல் இருப்பது நல்லது என்றார் மேடம். என் தோழி எண்ணுவதற்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். பை மாட்டுகிற பூக்களில் காய் நட்டமாகுமே என்பது அவர் கவலை. கடைசியில், “தெக்கால இருக்கற ரெண்டு வரிசைய எடுத்துக்கோ கண்ணு. ஆனா விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு வரோணும், வெயிலேறிட்டா வேலைக்காவாது” என்றார்.