எந்தப் பக்கத்து யன்னல்?

மலையகப் புகையிரதத்தில் எந்தப் பக்கத்தில் அமர்ந்தால் காட்சிகள் நன்றாகத் தெரியும்? வெளிநாடுகளிலிருந்து இலங்கைக்கு விடுமுறையில் வரும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் செய்தி தேடி அந்தப் பாதையில் எத்தனையோ தடவைகள் ஏறி இறங்கியவன் என்பதனால், பயணத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் வேலையும் என் தலையில் வந்து விழுந்துவிட்டது.

வழக்கமாக நான் சொல்லும் பதில் இதுதான். கொழும்பு கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் வண்டியில் ஏறுங்கள். றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும்போது பள்ளத்தாக்கு வலப்பக்கம் விரியும். ஆகவே வலப்பக்கத்து யன்னல். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,898 மீற்றர் உயரத்தில், பாதையின் உச்சி இருக்கிறது. அதைக் கடந்து இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை என்று செல்லும்போதும், தென்திசைச் சமவெளி வலப்பக்கம்தான் தெரியும். கண்டி நகருக்குள் செல்லாத வண்டியென்றால் பேராதனைச் சந்தியிலேயே ஏறிக்கொள்ள வேண்டும். நுவரெலியாவுக்குச் செல்பவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில், நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகவே பாதை சுற்றி வந்து கீழிறங்கும் விந்தையையும் காணலாம்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். தென்மேல் பருவக்காற்றின் மாதங்களில் அட்டன் பக்கம் மழை கொட்டும். அதே வேளையில் உச்சியிலுள்ள சுரங்கத்தைத் தாண்டியதும் ஊவாப் பக்கம் வெயில் அடிக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது ஊவாவில் மழை. இரு பக்கமும் ஓரளவு தெளிந்திருப்பது பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான்.

இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது. ஆனால் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்புக்கு அது உதவவில்லை.

அழைத்தவர் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில் வசிப்பவர். 1990களில் தாயகம் திரும்பியோரின் நிலையை எழுதுவதற்காக அங்கு சென்றிருந்தபோது அறிமுகமானவர். பன்னிரண்டு வயதில், 1974இல், அட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து பெற்றோருடன் அனுப்பப்பட்டவர். அரச தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்தார். மகன் பெங்களூரில் கணினித்துறையில் இருக்கிறான். நானுஓயாவிலிருந்து எல்ல வரை காட்சிப் பெட்டியில் செல்ல வேண்டும் என்பது மகனின் விருப்பம்.

"அவன் எங்க வேணும்னாலும் போகட்டும் அண்ணே. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அட்டனுக்கு ஏறி வரணும். கோச்சி நிக்கிறப்போ மேடை எந்தப் பக்கம் வரும்னு கேட்டுச் சொல்லுங்க. அந்தப் பக்கத்து சீட்டு வேணும்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன கதையை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும்.

கோப்பியை இறக்குவதற்காக வெள்ளையர் அமைத்த பாதை இது. 1867இல் கண்டியை எட்டியது; 1885இல் நானுஓயா; 1924இல் பதுளை. இடையில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. மலையைக் குடைந்ததிலும், தண்டவாளத்துக்கு நிலம் வெட்டியதிலும், கொழுந்து பறித்ததிலும் தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பு இருந்தது. அவர்களின் சந்ததியினரில் மிகப் பெரும்பாலானோர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாயினர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அனுப்பப்பட்டவர்கள் இதே பாதையில்தான் இறங்கினார்கள். அட்டனில் ஏறி, கடுகண்ணாவை இறக்கத்தைக் கடந்து, பொல்காவலையில் வடக்கே திரும்பித் தலைமன்னார் இறங்குதுறைக்கு. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் எழுப்பிய ஓலத்தினால் அந்த வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வைத்தார்கள் தோட்டத்து மக்கள்.

நண்பரின் குடும்பத்தில் பெற்றோருக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவரை வளர்த்த அப்பாயியோ இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரே லயன் அறையில் வாழ்ந்தவர்கள் இரண்டு நாட்டவர் ஆனார்கள். வழியனுப்ப அப்பாயி அட்டன் நிலையத்துக்கு வந்திருந்தார். சிறுவனை மேடைக்கு எதிர்ப்பக்கத்து யன்னலோரம் இருத்தியிருந்தார்கள். நெரிசலில் அவனால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. அப்பாயியின் குரல் மட்டும் கேட்டது. வண்டி நகர்ந்துவிட்டது. அதன் பின்னர் அவர் அப்பாயியைக் காணவில்லை. சில ஆண்டுகளில் அவர் இறந்த செய்தி கடிதத்தில் வந்தது.

நிலையத்தில் தெரிந்த ஒருவரிடம் விசாரித்து, மேடை எந்தப் பக்கம் வரும் என்பதை அறிந்து சொன்னேன். அத்தனை ஆண்டுக்காலத் தொழிலில் இதைவிட முக்கியமான தகவல் எதையும் நான் திரட்டியதில்லை என்று அன்று தோன்றியது.

பெப்ரவரியில் வந்தார்கள். பேராதனையிலிருந்து மூன்றாம் வகுப்பில் நானும் உடன் சென்றேன். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அட்டனில் வண்டி நின்றபோது உடனே இறங்கவில்லை. யன்னல் சட்டத்தைப் பிடித்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடை விற்பவரும், பாடசாலைப் பிள்ளைகளும், பை தூக்கிய உல்லாசப் பயணிகளுமாக மேடை நிறைந்திருந்தது. மகன்தான் அவருடைய தோளைத் தொட்டு, "இறங்கலாம்பா" என்றான்.

மறுநாள் மகன் தன் திட்டப்படி எல்லவுக்குச் செல்லவில்லை. தந்தையுடன் தோட்டத்துக்குச் சென்றான். அவர்கள் வாழ்ந்த லயன் இன்னமும் நின்றது. அதில் வேறொரு குடும்பம் குடியிருந்தது. அப்பாயியின் புதைகுழி எங்கே என்று சொல்ல எவரும் இல்லை. மூன்றாம் நாள்தான் மூவரும் பதுளை வண்டியில் ஏறினோம். சிங்கமலைச் சுரங்கத்தின் இருளில் பெட்டியிலிருந்த இளைஞர்கள் வழக்கம்போலக் கூவினார்கள். நண்பரும் சேர்ந்து கூவினார். "அப்பவும் இப்படித்தான் கத்துவோம்" என்று சிரித்தார்.

இலங்கையில் அவர்களை இந்தியாக்காரர் என்றார்கள். நீலகிரியில் இன்றும் அவர்கள் சிலோன்காரர்தான். மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டதும் அதே 2023இல்தான். அந்த இருநூறு ஆண்டுகளின் கணக்கில், இறங்கிச் சென்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழையும் மண்சரிவுகளும் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தன. மலையகப் பாதையும் பல இடங்களில் சிதைந்து சேவைகள் நின்றன. ஆகவே இனிப் பயணம் திட்டமிடுபவர்கள், எந்தெந்தப் பகுதிகளில் வண்டி ஓடுகிறது என்பதை முதலில் புகையிரதத் திணைக்களத்திடம் கேட்டறியுங்கள். யன்னலுக்கு வெளியே நாம் படம் பிடிக்கும் அழகிய சரிவுகளில்தான் லயன்களும் நிற்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தப் பக்கம் அமரலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போதும் வலப்பக்கம் என்றே சொல்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்கிறேன். அட்டனில் ஒருநாள் இறங்கித் தங்குங்கள். மேடையில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.