சேர்த்தால் போதாது, பதிந்து வை

தம்பி,

காமிக்ஸ் சேகரிப்பைப் பற்றி நேரலை தொடங்கப் போகிறாய், வாராவாரம் எதைப் பேசுவது என்று தலைப்பு கேட்டிருக்கிறாய். மலேசியாவின் மந்தினிலிருந்து ஒரு பிள்ளை தமிழ் காமிக்ஸைப் பற்றிப் பேச உட்காருகிறான் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தோட்டத்தில் பிறந்து, அந்தப் புத்தகங்களை வைத்தே வாசிப்புப் பழகியவன் நான். அதனால் தலைப்போடு, அதை ஏன் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தபால்தலையோ, பழைய பாட்டுத் தட்டோ, நாணயமோ சேர்க்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

எல்லாத் தலைப்புக்கும் அடிப்படை ஒன்றுதான். பதிந்து வைக்காத சேகரிப்பு, சேர்த்தவனோடு போய்விடும். இது புத்தகத்துக்கு மட்டுமல்ல, தோட்டத்தில் வாழ்ந்த நம் சனங்களுக்கும் நடந்திருக்கிறது. அதனால்தான் இதை உன்னிடம் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் வாரம் அரிய அட்டைகளைக் காட்டி ஆரம்பிக்காதே. இந்தப் புத்தகங்கள் நம் லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்கு. அம்புலிமாமா 1947 ஜூலையில் சென்னையில் பிறந்தது. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1984 ஜூலை இன்னொரு முக்கியமான மாதம். சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், இளைஞராக இருந்தபோதே, ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்ற இதழோடு லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. அதன் முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் கதையான ‘அழகியைத் தேடி’. இவை கப்பலேறி, பட்டணத்துக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து சம்பள நாளில் யாரோ ஒருவர் கையோடு தோட்டத்துக்குள் வந்தன. ஒருவர் வாங்கினால் ஒரு லயமே படிக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிகூடப் படத்தைப் பார்த்துக் கதை கேட்பார்.

இந்தக் கதையை உன் வாயால் சொல்லாதே, பெரியவர்களைச் சொல்லவிடு. நேரலையில் வாரம் ஒருவரைக் கூட்டி உட்கார வை. எந்தக் கடையில் வாங்கினீர்கள், எத்தனை காசு கொடுத்தீர்கள், யார் வாசித்துக் காட்டுவார்கள், கடைசியில் அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்று கேள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “வீடு மாறும்போது போய்விட்டது.” நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு மந்தின், நீலாய்ப் பக்கமெல்லாம் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்தன. லயத்தைக் காலி செய்தவர்கள் லாரியில் கட்டிலையும் சாமிப் படத்தையும் ஏற்றினார்கள். புத்தகத்துக்கு இடம் இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த நினைவாவது மிஞ்ச வேண்டும் என்றால், சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிந்துகொள். பெரியவர்களிடம் கேட்க வேண்டியதை நாளைக்குத் தள்ளாதே என்பதை முதல் பாடமாக எடுத்துக்கொள்.

இரண்டாவது தலைப்பு பட்டியல். சேகரிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதற்கு ஒரு வாரம் போதாது, பல வாரம் எடு. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கும். கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்ற வருகை ஏட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வந்தவர் யார், வராதவர் யார், எந்த நிரைக்கு யார் என்று அந்த ஏடு சொல்லிவிடும். உன் அலமாரிக்கும் அப்படி ஒரு பெரட்டு வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடு. தலைப்பு, வெளியீட்டின் பெயர், இதழ் எண், மாதம், ஆண்டு, விலை, பக்கம், கதாநாயகன் யார், வண்ணமா கறுப்பு வெள்ளையா, எந்த நிலையில் இருக்கிறது, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எழுது. அட்டையில் கடைக்காரரின் ரப்பர் முத்திரையோ, மலேசிய வெள்ளிக் கணக்கில் போட்ட விலையோ, முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்தோ இருந்தால் அதை அழுக்கு என்று நினைத்து அழிக்காதே. அந்தப் புத்தகம் மலாயாக் கரையில் வாழ்ந்ததற்கு அது ஒன்றே சாட்சி. அதையும் பட்டியலில் ஏற்று.

பட்டியல் போடும்போதுதான் சிக்கல்கள் தெரியும். அவையே உன் நேரலைக்கு நல்ல பேச்சுப் பொருள். ‘மாயாவி’ என்று மட்டும் எழுதினால் யாரைச் சொல்கிறாய்? முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு. ராணி காமிக்ஸில் மாயாவி என்று வந்தவர் லீ ஃபாக் 1936இல் படைத்த முகமூடி வீரர். அதே வீரரை முத்து காமிக்ஸ் வாசகர்கள் வேதாளர் என்று அறிவார்கள். பட்டியலில் இவர்களைப் பிரித்தும் காட்ட வேண்டும், எங்கே ஒன்றாகிறார்கள் என்று இணைத்தும் காட்ட வேண்டும். பழைய கதை காமிக்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் மறுபதிப்பாக வந்திருக்கும். முதல் பதிப்பு எது, மறுபதிப்பு எது என்று குறிக்காவிட்டால் வாங்குகிறவன் ஏமாறுவான். லயன் குடும்பத்திலேயே மினி லயன், ஜூனியர் லயன், திகில் என்று தனித்தனி வரிசைகள் உண்டு. இதழ் எண் ஒன்றாக இருந்தாலும் வரிசை வேறாக இருக்கும்.

உன்னிடம் இல்லாததையும் எழுது. எந்த எண் விடுபட்டிருக்கிறது என்பதை நேரலையில் திரையில் காட்டு. சுங்கை சிப்புட்டிலோ கிள்ளானிலோ மதுரையிலோ ஒருவர் “அது என்னிடம் இருக்கிறது” என்று சொல்லுவார். அவர் அந்தப் புத்தகத்தை உனக்குத் தர வேண்டியதில்லை. அட்டையையும் முதல் பக்கத்தில் உள்ள வெளியீட்டு விவரத்தையும் படித்துச் சொன்னால் போதும், பட்டியல் ஒரு வரி நிறையும். ஆங்கில உலகில் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற பெரும் பட்டியலை 1994 முதல் தன்னார்வலர்கள் இப்படித்தான் சேர்ந்து கட்டி வருகிறார்கள். காசு வாங்காமல், தங்களிடம் இருக்கும் இதழைப் பார்த்து, வரி வரியாக ஏற்றுகிறார்கள். நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் தமது ஐந்து விதிகளை எழுதியபோது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதையும் ஒரு விதியாகவே வைத்தார். பட்டியல் உன் பெருமைக்கு இல்லை, தேடி வருகிறவனுக்கு. இதை நினைவில் வைத்தால் அந்த வேலை சலிக்காது.

மூன்றாவதாக, பெயர் அச்சாகாதவர்களைப் பற்றிப் பேசு. என் தலைமுறைக்கு இரும்புக்கை மாயாவியின் ஒவ்வொரு சாகசமும் தெரியும். அவரை வரைந்த கை யாருடையது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தக் கதை 1962இல் வேலியன்ட் என்ற இங்கிலாந்து வாரப் பத்திரிகையில் தொடங்கியது. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. முதலில் எழுதியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. அந்தக் கால ஆங்கிலப் பத்திரிகைகள் கலைஞர்களின் பெயரை அச்சிடுவதில்லை. 1977இல் தொடங்கிய 2000 ஏ.டி. பத்திரிகைக்குப் பிறகுதான் அங்கே அந்த வழக்கம் மாறியது. மூலத்திலேயே பெயர் இல்லாதபோது தமிழுக்கு எப்படி வரும்? நம் பக்கத்தில், சிறிய பலூனுக்குள் அடங்கும்படி தமிழில் எழுதிக் கொடுத்தவர்கள், எழுத்துப் பொறித்தவர்கள், அச்சுக்கூடத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்! ஒரு நேரலையை முழுக்க அவர்களுக்கு ஒதுக்கு. கிடைக்கும் பெயரைத் தேடிப் பட்டியலில் ஏற்று. கிடைக்காத இடத்தில் ஒரு காலி வரி விடு, பிற்பாடு யாராவது நிரப்புவார்கள். உழைத்தவனின் பெயரைத் தேடிச் சொல்லும் பழக்கம் உனக்கு வந்துவிட்டால், நாளை நீ வேலை செய்யும் இடத்திலும் உன்னிடம் யாரும் அநியாயத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நான்காவது, பாதுகாப்பு. குளிர்நாட்டுச் சேகரிப்பாளர்கள் சொல்லும் வழி நம் ஊருக்கு முழுதாகப் பொருந்தாது. பழைய காமிக்ஸின் தாள் மலிவானது. மரக்கூழில் உள்ள லிக்னினால், வெளிச்சம் பட்டால் தாள் மஞ்சளாகும், அமிலம் ஏறி நொறுங்கும். நம் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், தைத்த கம்பிப் பின் துருவேறும். கரையானும் வெள்ளிப்பூச்சியும் காத்திருக்கின்றன. எனவே தரையோடும் வெளிச்சுவரோடும் ஒட்டி அடுக்காதே. பாலிப்ராப்பிலீன் உறையில், அமிலமில்லாத அட்டையோடு வை, பி.வி.சி. உறை காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்று. கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டவே ஒட்டாதே. அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிவிடும், பிறகு எடுக்க முடியாது. புதிதாக வந்த பழைய புத்தகத்தை உடனே மற்றவற்றோடு சேர்க்காமல், தனியாக வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார். பூச்சி இருந்தால் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதே. இதையெல்லாம் நேரலையில் செய்து காட்டு. சொன்னால் மறப்பார்கள், பார்த்தால் செய்வார்கள்.

ஐந்தாவது, விலை. நீ பேசாவிட்டாலும் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். சூப்பர்மேன் முதலில் வந்த 1938ஆம் ஆண்டின் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ் அன்று 10 சென்ட். அதன் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் சி.ஜி.சி. என்ற நிறுவனம் புத்தகத்தின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்து, பெட்டிக்குள் அடைத்துத் தருகிறது. இந்தச் செய்திகளைச் சொல், ஆனால் ஆசை காட்டாதே. தமிழ் காமிக்ஸ் வாங்கிப் பணக்காரன் ஆகலாம் என்று ஒரு பிள்ளையை நம்ப வைத்தால் அந்தப் பாவம் உன்னுடையது. ஒரு பெரியவரிடம் பழைய புத்தகம் வாங்கினால், அதன் மதிப்பை அவருக்குச் சொல்லிவிட்டு வாங்கு. விற்கும்போது கிழிசலையும் விடுபட்ட பக்கத்தையும் முதலில் காட்டு. முழுப் புத்தகத்தையும் படம்பிடித்துப் புலனத்தில் பரப்பாதே. லயனும் முத்துவும் 2012இல் புது வேகத்தோடு மீண்டு வந்து, இன்றும் சிவகாசியிலிருந்து வெளிவருகின்றன. நாம் வாங்கினால்தான் அவை நிற்கும். அட்டையைக் காட்டு, ஒரு பக்கத்தைக் காட்டிப் பேசு, மீதியை வாங்கிப் படிக்கச் சொல்.

ஆறாவது தலைப்பைப் பேச இளம் வயதில் யாருக்கும் மனம் வராது. நமக்குப் பிறகு இவை எங்கே போகும்? செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நில்லாமல் துண்டறிக்கை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் வரை சேர்த்தார். 1992இல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைக்க வழி செய்தது. அங்கே ஒவ்வொன்றும் பட்டியலிடப்பட்டதால்தான் உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போக முடிகிறது. நம் நாட்டில் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் வைப்புச் சட்டப்படி, இங்கே வெளியாகும் நூல்களைப் பதிப்பாளர்கள் தேசிய நூலகத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் சிவகாசியில் அச்சாகி நம் கடைக்கு வந்த காமிக்ஸ் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதைக் காப்பாற்றச் சட்டம் இல்லை, நீதான் இருக்கிறாய். உன் பட்டியலின் படி ஒன்றை வீட்டில் இன்னொருவரிடம் கொடு. சேகரிப்பை யாருக்குத் தர வேண்டும் என்றும் எழுதி வை.

கடைசியாக ஒன்று. லாட் 1979இல் தன் பேராக் கம்பத்துப் பிள்ளைப் பருவத்தை ‘கம்போங் போய்’ என்ற படப் புத்தகமாக வரைந்தார். இந்த நாடே அதைத் தன் வீட்டுக் கதையாக ஏற்றுக்கொண்டது. பெரட்டையும், ரப்பர் பால் வாளியையும், தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் அப்படி வரைய நம் பிள்ளைகளிலும் கை உள்ளவர்கள் இருக்கிறார்கள். உன் நேரலையில் மாதம் ஒரு வாரத்தை அவர்களுக்குக் கொடு. பெரியவர் சொன்ன ஒரு நினைவை ஒரு பக்கமாக வரைந்து வரச் சொல். வரைந்த பிள்ளையின் பெயர், ஊர், தேதியோடு அதையும் உன் பட்டியலில் ஏற்று.

நேரலைக்கு நல்ல கேமரா வாங்குவதற்கு முன் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கு. கணினியில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். இன்றிரவே அலமாரியின் மேல்தட்டிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்து, அதன் விவரத்தை முழுதாக எழுது. நாளைக்கு அடுத்தது. எல்லாத் தட்டும் முடியும்வரை விடாதே.